நம் ஊர் உயர்நிலைப் பள்ளியும் நம் மஹல்லாவும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவையொட்டி நடைபெற்ற மாணவ மாணவியர் பரிசளிப்பு நிகழ்ச்சியில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

  

பரிசளிப்பு விழாவில் இமாம் பேச எழுந்தால் கல்வியின் சிறப்பைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார் என்பது உங்களுக்குத் தெரியும். கல்வி சிறந்தது என்பதில் இங்குள்ள எவருக்கும் ஐயம் இல்லை. ஆகவே அதை விடுத்து, நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பற்றி, இந்தத் திருத்தணியில் உயர்நிலைக் கல்வி எப்படி வந்தது, எவ்வாறு வளர்ந்தது என்பதைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறேன். இறுதியில் நிர்வாகத்திடம் ஒரு கோரிக்கை வைக்கவும் இருக்கிறேன்.

நம் ஊரின் புகழ்பெற்ற மாணவரிலிருந்து தொடங்குவோம். டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் அவர்கள் 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் பிறந்தவர். இந்நாட்டின் முதல் குடியரசுத் துணைத் தலைவராகவும், 1962 முதல் 1967 வரை குடியரசுத் தலைவராகவும் விளங்கியவர். அவருடைய பிறந்தநாளையே 1962 முதல் ஆசிரியர் தினமாகக் கொண்டாடி வருகிறோம். அவருடைய தந்தையார் ஒரு ஜமீனில் சிறு வருவாய்த்துறை ஊழியர். பெரிய வசதி படைத்த குடும்பம் அன்று. இவ்வளவும் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். செப்டம்பர் மாதம் வந்தால் பள்ளியில் பேச்சுப் போட்டிக்கு இதைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள்.

ஆனால் அந்தப் பேச்சுகளில் இடம்பெறாத ஒரு செய்தி இருக்கிறது. தொடக்கக் கல்வியை இவ்வூரில் பயின்ற அச்சிறுவர், 1896-ஆம் ஆண்டு, தமது எட்டு வயதில், திருப்பதியில் இருந்த ஜெர்மானிய லுத்தரன் மிஷன் பள்ளிக்குச் சென்றார். அதன் பிறகு வாலாஜாப்பேட்டையில் படித்தார். பிறகு வேலூர் ஊரிஸ் கல்லூரி. அதற்கும் பின்னர் சென்னை கிறித்தவக் கல்லூரி. திருப்பதி இங்கிருந்து சுமார் 65 கிலோமீட்டர். சென்னை சுமார் 85 கிலோமீட்டர். எட்டு வயதுப் பாலகன் படிப்பதற்காக ஊர் ஊராகப் பெயர்ந்திருக்கிறார் என்றால், அக்காலத்தில் படிப்பு என்பது முதலாவதாகப் பயணமாக இருந்தது என்று பொருள். (வாலாஜாப்பேட்டை ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் பெயர் தாங்கிய ஊர் என்பதை நம் இளைஞர்கள் பலர் அறிவதில்லை. அதையும் போகிற போக்கில் சொல்லி வைக்கிறேன்.)

அவரால் போக முடிந்தது. அவரோடு திண்ணையில் அமர்ந்து எழுத்துக் கற்ற மற்றப் பிள்ளைகள் என்னவானார்கள்? அவர்களில் அவரைப் போன்ற அறிவாளிகள் இருந்தார்களா, இல்லையா? அவர்களைப் பற்றி எந்த நூலும் எழுதப்படவில்லை. வெளியூரில் தங்க ஓர் உறவினர் வீடோ, விடுதிக்குச் செலுத்தப் பணமோ இல்லாதவர்களின் படிப்பு, ஊர் எல்லையில் நின்றுவிட்டது. நெசவுத் தறிக்கோ, வயலுக்கோ, கடைத்தெருவுக்கோ திரும்பிவிட்டார்கள். பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

ஓர் ஊரில் உயர்நிலைப் பள்ளி அமைவதன் பொருள் இதுதான். அறிவாளிப் பிள்ளையைவிட, வெளியூர் போக இயலாத பிள்ளைக்கே அது அதிகம் உதவுகிறது.

வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம் போன்ற ஊர்களில் நம் சமுதாயத்துத் தோல் வணிகர்கள் தங்கள் செல்வத்தைக் கொண்டு பள்ளிகளையும் கல்லூரிகளையும் நிறுவினார்கள். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. மேல்விஷாரத்தில் பிறந்த வள்ளல் சி. அப்துல் ஹக்கீம் அவர்களின் பெயரை இன்றும் கல்விக் கூடங்கள் தாங்கி நிற்கின்றன. அல்லாஹ் அவர்கள் அனைவரின் நற்பணிகளையும் ஏற்றுக்கொள்வானாக. நம் ஜமாஅத்தோ சிறிய ஜமாஅத். இங்கே தோல் தொழிற்சாலைகள் இல்லை, வள்ளல்களும் இல்லை. சிறு கடைகளையும் தள்ளுவண்டிகளையும் பழுதுபார்க்கும் பட்டறைகளையும் நம்பி வாழும் மக்கள் நாம். அப்படிப்பட்ட நமக்கு யார் பள்ளிக்கூடம் கட்டித் தந்தது? அரசாங்கத்தின் பொதுப்பள்ளிதான் தந்தது. நம் பாட்டனார்கள் கட்டிய வரியும் அதில் உண்டு என்பதால் இதை நான் தர்மம் என்று சொல்ல மாட்டேன். அது நம் உரிமைப் பொருள். ஆனால் உரிமைப் பொருளையும் பேணாவிட்டால் அது கைவிட்டுப் போகும்.

இந்தப் பள்ளியின் வரலாற்றில் மற்ற ஊர்ப் பள்ளிகளுக்கு இல்லாத ஒரு சிறப்பு உண்டு. ஊர் நகராமல் இருக்க, மாநிலம் நகர்ந்த கதை அது.

1911-ஆம் ஆண்டு சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டபோது, அதுவரை வடஆற்காட்டில் இருந்த திருத்தணி அதில் சேர்க்கப்பட்டது. அப்போது எல்லாமே சென்னை மாகாணம் என்பதால் பெரிய வேறுபாடு தோன்றவில்லை. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அதனோடு சென்றது. தமிழ் பேசும் மக்கள் நிறைந்த திருத்தணியும் அதனோடு சென்றது. நம் மஹல்லாவின் மூத்தவர்களுக்கு அந்நாட்களைப் பற்றி அவர்களின் பெற்றோர் சொல்லக் கேட்ட நினைவுகள் இருக்கும்.

எல்லையை மீட்கும் போராட்டத்தைத் தலைமை தாங்கி நடத்தியவர் ம.பொ.சி. அவர்கள் என்பதை யாவரும் அறிவர். அவரை இப்பகுதிக்கு அழைத்து வந்தவர்களுள் முதன்மையானவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதைப் பலர் அறிவதில்லை. குருவராஜப்பேட்டையில் வாழ்ந்த மங்கலங்கிழார் என்னும் தமிழாசிரியர், ஊர் ஊராகத் தமிழ்ச் சங்கம் அமைத்து, கட்டணம் பெறாமல் தமிழ் கற்பித்து வந்தார். ஆந்திர மாநிலம் பிறப்பதற்கு ஒரு மாதம் முன்னர், 1953 ஆகஸ்டில் அவர் மறைந்துவிட்டார். தாம் போராடியதன் பலனை அவர் காணவில்லை. ம.பொ.சி. அவர்களோ வறுமையினால் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்றவர். அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்துத் தமிழ் கற்றவர். பிற்காலத்தில், 1966-இல், சாகித்ய அகாதமி விருது பெற்றார். மூன்றாம் வகுப்போடு நின்றவர் முன்னுக்கு வரவில்லையா என்று நம் கடை வீதிகளில் சிலர் கேட்பதுண்டு. அவருக்காகத் திறந்திராத பள்ளிகள் நம் பிள்ளைகளுக்காக இன்று திறந்திருக்கின்றன என்பதே அதற்கு விடை.

பிறகு படாஸ்கர் அவர்களை நடுவராக வைத்துப் பேச்சு நடந்தது. 1959-இல் நாடாளுமன்றம் எல்லை மாற்றச் சட்டம் இயற்றியது. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்து, செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதியாயிற்று. பதிலுக்குச் சத்தியவேடு ஆந்திரத்திற்குச் சென்றது.

அந்த ஆறரை ஆண்டுகளில் நாம் இழந்தது என்ன என்று எண்ணிப் பாருங்கள். அதே ஆண்டுகளில்தான் எல்லைக்கு அப்பால் காமராஜர் முதலமைச்சராக இருந்து பள்ளிகளைத் திறந்துகொண்டிருந்தார். 1956-இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. 1958-இல் முதலாவது பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது திருவள்ளூரை அடுத்த கடம்பத்தூரில். கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு அவர்கள் முன்னின்று நடத்திய இயக்கம் அது. ஊர் மக்களே மேசை, நாற்காலி, கரும்பலகை, கடிகாரம், கட்டடம் என்று தங்களால் இயன்றதைத் தம் ஊர்ப் பள்ளிக்கு வழங்கினார்கள். கடம்பத்தூர் இங்கிருந்து எவ்வளவு தொலைவு? பேருந்தில் ஏறினால் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் நடுவில் மாநில எல்லை இருந்தது. அங்கே நடந்தது இங்கே எட்டவில்லை. 1960-இல் எல்லை நகர்ந்த பிறகே அவையெல்லாம் நம் ஊருக்கு வர வழி பிறந்தது.

அதன் பின் வளர்ச்சி விரைவாக நடந்தது. 1960-களின் நடுவில் உயர்நிலைப் பள்ளி வரையில் கட்டணம் இல்லை என்றாயிற்று. 1978-இல் பதினொன்றாம் வகுப்பு சேர்க்கப்பட்டு மேல்நிலைக் கல்வி வந்தது. 1980-இல் முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு நடந்தது. 1982-இல் சத்துணவுத் திட்டம் வந்தது. இன்று ராதாகிருஷ்ணன் அவர்களின் பெயரையே தாங்கி அரசு ஆண்கள் மேல்நிலைப் பள்ளி நடக்கிறது. பெண்களுக்கெனத் தனியாக அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. அதற்கு மேல் படிக்க, சுப்பிரமணிய சுவாமி அரசு கலைக் கல்லூரியும் ஊரிலேயே இருக்கிறது. எட்டு வயதில் திருப்பதிக்குப் போக வேண்டியிருந்த ஊரில், இன்று ஓர் ஏழைப் பிள்ளை இரவு தன் தாயின் கையால் உணவருந்திக்கொண்டே பட்டதாரி ஆகலாம். ஒரு நூற்றாண்டில் நடந்த வளர்ச்சி இது.

இனி நம் மஹல்லாவைப் பார்ப்போம். மனவருத்தத்தோடு சொல்கிறேன், யாரும் தவறாக எண்ண வேண்டாம்.

பள்ளி அருகில் வந்துவிட்டது. நாம்தான் தொலைவை மீண்டும் உண்டாக்கிக்கொள்கிறோம். வசதி கொஞ்சம் கூடியவர்கள், ஆங்கிலப் பள்ளியின் வேனில் பிள்ளையை ஏற்றிவிட்டு, கட்டணத்திற்காக நகையை அடகு வைக்கிறார்கள். அது அவரவர் விருப்பம்; நான் தடுக்கவில்லை. ஆனால் அவ்வாறு சென்றவர்கள் அரசுப் பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தைகூட நல்லதாகச் சொல்வதில்லை. அதைக் கேட்கும் ஏழை வீட்டுப் பிள்ளை, தான் படிக்கும் இடம் இழிவானது என்று நம்பிவிடுகிறான். அப்படி நம்பியவன் பத்தாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தவறினால் போதும், மறுநாள் கடையில் நிற்கிறான். துணைத் தேர்வு என்று ஒன்று இருப்பதையே அவன் தந்தைக்கு யாரும் சொல்வதில்லை.

2006-இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கையை நம் மேடைகளில் அடிக்கடி எடுத்துக்காட்டுகிறோம். 2001 மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டின் எழுத்தறிவு 65.1 விழுக்காடாக இருக்க, முஸ்லிம்களின் எழுத்தறிவு 59.1 விழுக்காடாக இருந்தது என்று அது கூறியது. அதே அறிக்கையில் நாம் எடுத்துக்காட்டாத மற்றொரு செய்தியும் உண்டு. பள்ளி செல்லும் வயதுடைய முஸ்லிம் பிள்ளைகளில் மதரஸாவில் மட்டும் படிப்பவர்கள் நூற்றுக்கு நான்கு பேர் அளவில்தான். ஆகவே நம் பிள்ளைகளின் எதிர்காலம் பெரும்பாலும் பொதுப் பள்ளிகளின் கையில் இருக்கிறது. மதரஸாவில் ஓதிய நானே இதைச் சொல்கிறேன்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் வேறு ஊரைச் சேர்ந்தவன். எட்டாம் வகுப்பு முடிந்ததும் என் வாப்பா என்னை மதரஸாவில் சேர்த்தார்கள். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அல்ஹம்துலில்லாஹ், அது என் பாக்கியம். ஆனால் படித்த பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. பல ஆண்டுகள் கழித்து, தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதலாம் என்று அப்பள்ளிக்குச் சென்றபோது, பதிவேட்டில் என் பெயர் வேறு விதமாகவும், பிறந்த ஆண்டு இரண்டு ஆண்டு பிழையாகவும் இருந்தன. சேர்க்கையின்போது கேட்டவர்கள் கேட்டபடி எழுதியிருக்கிறார்கள்; சொன்னவர்களும் சரிபார்க்கவில்லை. அதைத் திருத்த ஓராண்டுக்கு மேல் அலைந்தேன். அந்த ஆண்டுத் தேர்வு கைநழுவிப் போனது.

மறு ஆண்டு தேர்வு மண்டபத்தில் தாடியும் தொப்பியுமாக நுழைந்தேன். கண்காணிப்பாளர், பெற்றோர் வெளியே காத்திருக்க வேண்டும் என்று பணிவாகச் சொன்னார். நுழைவுச் சீட்டை நீட்டினேன். அவர் சிரிக்கவில்லை, இருக்கையைக் காட்டினார். அதற்கு முன்னர் ஆறு மாதம் எனக்குக் கணக்குச் சொல்லித் தந்தவர் ஓய்வு பெற்ற ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர். நெற்றி நிறையத் திருநீறு அணிந்த பெரியவர். மக்ரிபுக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கு நினைவூட்டுபவர் அவர்தான். காசு வாங்க மறுத்துவிட்டார். பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தோர், மதீனாவின் பத்துச் சிறுவர்களுக்குக் கற்பித்தால் விடுதலை என்று பெருமானார் (ஸல்) அவர்கள் விதித்த வரலாற்றை நான் மிம்பரில் பலமுறை சொன்னதுண்டு. கற்பித்த ஆசிரியர்கள் நம் மார்க்கத்தைச் சார்ந்தவர்கள் அல்லர் என்பதன் முழுப் பொருளும் அவருடைய திண்ணையில்தான் எனக்கு விளங்கியது.

மொழியைப் பற்றி ஒரு செய்தி. இந்த எல்லைப் பகுதியில் நம் பிள்ளை வீட்டில் உருது பேசுகிறான், அல்லது தமிழ் பேசுகிறான். கடைவீதியில் தெலுங்கு பேசுகிறான். மக்தபில் அரபு எழுத்துக்களை ஓதுகிறான். நான்கு மொழி கையாளும் பிள்ளை, பள்ளியில் தமிழ்த் தாளுக்கு அஞ்சி நடுங்குவதைக் காண்கிறேன். 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16-இல் பத்தாம் வகுப்பை எட்டியது. சிறுபான்மை மொழிப் பிள்ளைகளுக்காக நீதிமன்றத்தில் விலக்குப் பெற்றவர்கள் உண்டு. அவர்களை நான் குறை கூறவில்லை. தாய்மொழியைக் காக்க வேண்டியது கடமைதான். ஆயினும் இந்த ஊரில் வாழ்ந்து, இந்த ஊர் அலுவலகங்களில் மனு எழுத வேண்டிய பிள்ளைக்குத் தமிழிலிருந்து விலக்குப் பெற்றுத் தருவதைவிட, தமிழைச் செம்மையாகக் கற்றுத் தருவதே அதிக நன்மை என்பது என் கருத்து. உருதுவை நாம் வீட்டிலும் மக்தபிலும் காப்போம்.

சான்றிதழ் விஷயத்திலும் நாம் அசட்டையாக இருக்கிறோம். 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குத் தமிழகத்தில் 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு இருக்கிறது. அப்பட்டியலில் லெப்பை, தக்கனி, ஷேக், சையத், மாப்பிள்ளா, அன்சார், தூதேகுலா என ஏழு பிரிவுகள் உள்ளன. வெறுமனே ‘முஸ்லிம்’ என்று சொல்லிச் சான்றிதழ் கேட்டு அலைபவர்களை நான் கண்டிருக்கிறேன். 2020 முதல் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு வந்தது. மறு ஆண்டு அது பொறியியல் முதலிய படிப்புகளுக்கும் விரிந்தது. 2022 செப்டம்பர் 5-ஆம் நாள், ஆசிரியர் தினத்தன்று, அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி செல்லும் பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் தொடங்கப்பட்டது. எட்டாம் வகுப்பில் மகளை நிறுத்திவிடும் தகப்பனார், அந்தப் பிள்ளையின் வருங்காலத்தோடு இவை அனைத்தையும் சேர்த்தே நிறுத்துகிறார்.

இன்னொன்று. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் பெரும்பான்மையினர் பெற்றோர். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை என்று நம் வீட்டுப் பெண்கள் என்னிடம் வந்து முறையிடுகிறார்கள். நான் என்ன செய்ய முடியும்? அக்குழுவில் போய்ச் சொல்ல வேண்டிய செய்தி அது. கூட்டத்திற்கு நம் மஹல்லாவிலிருந்து யார் போனீர்கள் என்று கேட்டால் ஒருவரும் கை தூக்குவதில்லை.

பிறரைச் சொன்னது போதும். நம் பள்ளிவாசலின் பக்கம் இருக்கும் குறையையும் சொல்ல வேண்டும். பொதுத்தேர்வு எழுதும் வகுப்புகளுக்குக் காலையிலும் மாலையிலும் பள்ளியில் சிறப்பு வகுப்பு நடத்துகிறார்கள். நம் மக்தபும் அதே நேரத்தில் நடக்கிறது. சென்ற ஆண்டு ஒரு மாணவன் மக்தபுக்கு வந்தால் பள்ளி ஆசிரியரிடம் ஏச்சு, அங்கே நின்றால் என்னிடம் ஏச்சு என்று இரண்டுக்கும் நடுவே ஓடினான். கடைசியில் இரண்டு இடங்களுக்கும் வராமல் ஏரிக்கரையில் அமர்ந்துவிட்டான். அவனைத் தேடிச் சென்று அழைத்து வந்தபோது, அவன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நேரத்தை வகுத்தவன் நான் என்பதால் அந்த மௌனம் என்னை உறுத்தியது.

ஆகவே நிர்வாகத்தின் முன் என் கோரிக்கை இது. பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மக்தபை வார நாட்களில் இஷாவுக்குப் பின் அரை மணி நேரமாகவும், ஞாயிறு காலை இரண்டு மணி நேரமாகவும் மாற்றித் தர வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு ஞாயிறு மட்டும் போதும். அவர்களுக்கு ஓதிக்கொடுக்கும் ஆலிமாவிடம் பேசிவிட்டேன், இசைவு தந்துவிட்டார்கள். ஆடிக் கிருத்திகைக்கு ஊரில் பள்ளி விடுமுறை விடும் நாட்களில், விடுபட்ட பாடங்களை நான் நடத்திக்கொள்கிறேன். மேலும், வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் பின், சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், பெயர்த் திருத்தம் ஆகியவற்றுக்கு மனு எழுதித் தர, பட்டம் முடித்த நம் இளைஞர்கள் இருவர் பள்ளிவாசல் முன் திண்ணையில் அமர முன்வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் வேண்டும்.

முதவல்லி அவர்கள் இப்போதே தலையசைக்கிறார்கள். மாற்றத்தை வருகிற ஷவ்வால் பிறை ஒன்றுக்குக் காத்திராமல், வரும் திங்கட்கிழமை முதலே தொடங்கலாம் என்று கருதுகிறேன். இனி பரிசு பெறும் பிள்ளைகளின் பெயர்களைச் செயலாளர் அவர்கள் வாசிப்பார்கள். வஸ்ஸலாம்.